கனடாவில் வேலியும் டெக்கும்: பலகையைப் பார்க்க முதல் குழியைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "அண்ணை, அஜக்ஸில் போன வருடம் வீடு வாங்கினோம். பின்வளவு வேலி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதை மாற்றி, சமையலறைக் கதவுக்கு வெளியே 12க்கு 16 அடியில் டெக் என்கிற மரத்தளம் ஒன்றும் போட விருப்பம். மூன்று பேர் வந்து விலை சொன்னார்கள். அதில் ஒருவருடைய விலை மற்றவர்களுடையதில் பாதி. சீடர் போடு, பிரஷர் ட்ரீட்டட் போதும், கொம்பொசிட்தான் நல்லது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போடுவது? யாருக்கு வேலையைக் கொடுப்பது?"

தம்பி, மூன்று மரத்தையும் மூன்று விலையையும் எழுதியிருக்கிறீர்கள். குழி எவ்வளவு ஆழம் தோண்டுவோம் என்று அந்த மூன்று பேரில் ஒருவராவது சொன்னதாக எழுதவில்லை. பாதி விலை எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்தக் குழிக்குள்தான் கிடக்கும். பலகை கண்ணுக்குத் தெரிகிற சாமான், அதில் ஏமாற்றுவது கஷ்டம். மண்ணுக்குள் போனதை மூடிவிட்டால் பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

ஊரில் வேலி அடைத்து வளர்ந்த எங்களுக்கு இது உடனே பிடிபடாது. அங்கே கதியால் உயிருள்ள தடி. கிளுவையோ பூவரசோ வெட்டி நட்டால் வேர்விட்டுத் துளிர்த்துவிடும். பழுதாகிறது கிடுகும் பனையோலையும்தான், அதைக் காலத்துக்குக் காலம் மாற்றிக் கட்டினால் வேலை முடிந்தது. இங்கே நாங்கள் நடுவது செத்த மரம். போதாக்குறைக்கு நிலமே உறைகிறது.

உங்கள் அஜக்ஸும் ரொறன்ரோவும் இருக்கும் தென் ஒன்ராறியோவில் அத்திவாரத்துக்குச் சொல்லும் ஆழம் 4 அடி, அதாவது 1.2 மீட்டர். உறைபனி அதுவரை இறங்கலாம் என்பது கணக்கு. ஈர மண் உறையும்போது உள்ளே பனிக்கட்டி படைபடையாக வளர்ந்து மண்ணை மேலே தள்ளும். அந்த மண் தூணைச் சுற்றியிருக்கும் கொங்கிறீட்டையும் பிடித்துக்கொண்டுதான் எழும்பும். வெயில் வந்து இளகும்போது அடியில் உண்டான வெற்றிடத்துக்குள் மண் சரிந்து நிரம்பிவிடுவதால் தூண் பழைய மட்டத்துக்கு இறங்காது. ஒரு மாரியில் அரை அங்குலம் எழும்பினால் தெரியாது. நாலைந்து மாரி போனால் கேட் பூட்டாது.

நானும் பட்டுத்தான் படித்தேன். என்னுடைய முதல் வீட்டு வேலியை மலிவாகச் செய்து தந்தவர் 8 அடித் தூண் கொண்டுவந்து இறக்கினார். வேலி உயரம் 6 அடி. எட்டில் ஆறு போனால் மண்ணுக்குள் இரண்டு அடிதான் என்ற கணக்கு எனக்கு அப்போது ஓடவில்லை. மூன்றாவது வசந்தத்தில் வேலி கள்ளுக் குடித்தவன்போல அயல்வீட்டுப் பக்கம் சரிந்தது. ஒரு தூணைக் கிளறி எடுத்துப் பார்த்தேன். கொங்கிறீட் பம்பரம்போல இருந்தது, மேலே அகலம், கீழே கூர். மண்வெட்டியால் அவசரமாகத் தோண்டினால் குழி அப்படித்தான் வரும். உறைந்த மண்ணுக்குப் பிடித்துத் தூக்க நல்ல தோள் கிடைத்துவிடுகிறது. குழி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும், அடியில் கொஞ்சம் விரிந்தால் இன்னும் திறம். செய்தவருக்கு ஃபோன் எடுத்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை.

அதனால் லொறி வந்து மரம் இறக்கும்போது நீங்கள் வீட்டில் நில்லுங்கள். 6 அடி வேலிக்குத் தூண் 10 அடி நீளம் இருக்க வேண்டும். அளவு நாடாவே தேவையில்லை, பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். அடுத்தது கொங்கிறீட் மூட்டை. 10 அங்குல அகலத்தில் 4 அடி ஆழக் குழிக்கு, 4க்கு 4 தூணின் இடம் போக, 30 கிலோ மூட்டை மூன்றரை அளவில் பிடிக்கும். உங்கள் வேலிக்கு 15 தூண் என்றால் ஐம்பது மூட்டைக்கு மேல் வேண்டும். வாசலில் இருபதுதான் அடுக்கிக் கிடக்கிறது என்றால் மிச்சம் எங்கே என்று கேளுங்கள். இன்னொன்று, கடையில் 4க்கு 4 என்று விற்பது உண்மையில் மூன்றரைக்கு மூன்றரை அங்குலம். அதை ஏமாற்று என்று சண்டை பிடிக்காதீர்கள், வட அமெரிக்கா முழுக்க அதுதான் அளவு.

தூண் எங்கே உக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஆழத்தில் இல்லை, உச்சியிலும் இல்லை. நில மட்டத்தில் ஒரு சாண் இடத்தில்தான். மரத்தை உக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்றுக் குறைவு. மேலே காற்று உண்டு, மரம் காய்ந்துவிடும். இரண்டும் சந்திக்கிற இடம் அந்தச் சாண். அதனால் கொங்கிறீட்டின் தலை மண்ணுக்கு மேலே கொஞ்சம் தெரிய வேண்டும், தண்ணீர் வெளியே வழிகிற மாதிரிச் சரிவாகத் தடவிவிட வேண்டும். கிண்ணம்போலக் குழிவாக விட்டால் தூண் வருடம் முழுக்கத் தண்ணீரில் நிற்கும். இது ஐந்து நிமிட வேலை, காசும் இல்லை. ஆனாலும் பத்து வேலியில் பார்த்தால் பாதிக்கு மேல் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

சரி, மரத்துக்கு வருவோம்.

வேலிக்குப் பிரஷர் ட்ரீட்டட் மரம் போதும் என்பது என் அபிப்பிராயம். மருந்தை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றியது அது. அதிலும் இரண்டு தரம் இருக்கிறது, மண்ணுக்கு மேலே பாவிக்கிறது ஒன்று, மண்ணைத் தொடக்கூடியது ஒன்று. முனையில் அடித்திருக்கும் சின்னச் சீட்டில் எழுதியிருக்கும். வேலிப் பலகைக்கு முதலாவது போதும், தூணுக்குக் கட்டாயம் இரண்டாவது. மருந்து மரத்தின் நடுமட்டும் போவதில்லை. வாளால் வெட்டினால் உள்ளே மருந்தில்லாத வெள்ளை மரம் தெரியும். வெட்டிய முனைக்கெல்லாம் தூரிகையால் பூச ஒரு மருந்து டப்பாவில் விற்கிறார்கள். அந்த டப்பா வேலைக்காரரின் சாமானோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆளின் தரத்தை அளக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி அது.

இப்போதைய மருந்தில் செம்பு இருப்பதால் சாதாரண ஆணி சீக்கிரம் அரித்துப்போகும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணி, அல்லது இந்த மரத்துக்கென்று பூச்சுப் பூசிய திருகாணி வேண்டும். பழைய மருந்தில் ஆர்சனிக் இருந்தது. 2003 முடிவோடு வீட்டுப் பாவனைக்கு அதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் பழைய வேலி அதற்கு முந்தியது என்றால் கழற்றிய பலகையைக் குளிர்காய எரிக்க வேண்டாம், கத்தரிப் பாத்திக்கு அணையாகவும் வைக்க வேண்டாம். நகரசபைக் கழிவு நிலையத்தில் கேட்டு அங்கே கொடுங்கள்.

சீடர் வடிவான மரம், வாசனையும் உண்டு. செந்நிறச் சீடர் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வருகிறது. உக்காமல் நிற்கும் குணம் அதன் நடுவில் இருக்கும் சிவந்த வைர மரத்தில்தான் இருக்கிறது, ஓரத்து வெளிர் மரத்தில் இல்லை. வெளிர்ப் பட்டை ஓடிய பலகையைச் சீடர் விலைக்கு வாங்குவது வீண். எண்ணெய் பூசாவிட்டால் இரண்டு வருடத்தில் சாம்பல் நிறமாகும், அது பழுது இல்லை. துத்தநாகம் சரியாக ஏறாத ஆணி அடித்தால் மழைக்குப் பிறகு ஒவ்வொரு ஆணியிலிருந்தும் கறுப்புக் கண்ணீர் வழியும். காசு இடம் கொடுத்தால் தூணைப் பிரஷர் ட்ரீட்டட்டிலும் பலகையைச் சீடரிலும் போடுங்கள். முழுவதும் சீடர் என்று சொல்லித் தூணையும் சீடரில் நடுகிறவர் உங்கள் காசைக் குழிக்குள் போடுகிறார்.

வைனில் என்கிற பிளாஸ்டிக் வேலிக்குப் பூச்சு வேலை இல்லை. ஆனால் தை மாதக் குளிரில் அது மொறுமொறுத்துப்போய் இருக்கும். ஒரு ஹொக்கிப் பந்து பட்டால் வெடித்துவிடும். பிள்ளைகள் உள்ள வீடு, யோசியுங்கள்.

டெக்கின் மேல்தளத்துக்குக் கொம்பொசிட் போடுவதில் நியாயம் உண்டு. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது, சிலாம்பு குத்தாது, பூச்சு வேலையும் இல்லை. விலை நல்லாய்க் கூட. ஜூலை வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாத அளவுக்குச் சூடாகும், கடும் நிறம் என்றால் இன்னும் மோசம். சூட்டில் நீண்டு குளிரில் சுருங்கும், அதற்கான இடைவெளியைத் தயாரித்தவர்களின் தாளில் சொன்னபடி விட வேண்டும். அது மரத்தைவிட வளையும் சாமான் என்பதால் கீழே குறுக்குச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது, பலகையைச் சாய்வாகப் பதித்தால் 12 அங்குலம். கொம்பொசிட் டெக் என்று சொன்னாலும் கீழே இருக்கும் சட்டமெல்லாம் அதே பிரஷர் ட்ரீட்டட் மரம்தான். 25 வருட உத்தரவாதம் என்று சொன்னால், அது மேல் பலகைக்கு மட்டுமா என்று கேளுங்கள்.

டெக்கில் நான் பயப்படுகிற இடம் பலகை இல்லை, வீட்டோடு சேர்கிற இடம். இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் செங்கல் வீடு என்று நாங்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஒரு வரிசைச் செங்கல் தோல்தான். பாரத்தைத் தாங்குவது அதற்குப் பின்னால் நிற்கும் மரச்சட்டம். அந்தத் தோலில் ஒரு பலகையை அடித்து அதில் டெக்கைத் தொங்கவிடக் கூடாது. டெக் தாங்க வேண்டிய பாரம் 1.9 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 190 கிலோ என்று கணக்குப் பார்ப்பார்கள். உங்கள் 12க்கு 16 அடிக்கு அது கிட்டத்தட்ட மூன்றரைத் தொன். பிறந்தநாளுக்கு நாற்பது பேர் ஏறி நின்று கேக் வெட்டுகிற நாளை நினைத்துப் பாருங்கள். டெக் சரிந்த கதைகளில் திரும்பத் திரும்ப வருவது வீட்டிலிருந்து அந்தப் பலகை பிரிந்ததுதான், அதுவும் போல்ட் இல்லாமல் ஆணியில் மட்டும் நின்ற பலகை.

எனவே உங்கள் வீட்டுக்குத் தன் காலிலேயே நிற்கும் டெக் போடச் சொல்லுங்கள். வீட்டுப் பக்கமும் தூண், வளவுப் பக்கமும் தூண். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டுச் சுவரை ஒட்டிய மண், நிலக்கீழ் அறைக்குத் தோண்டிவிட்டுத் திரும்பக் கொட்டிய மண். அது வருடக்கணக்காக இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தூணைச் சுவரிலிருந்து தள்ளி, கிளறாத மண்ணில் நிறுத்தி, சட்டத்தைச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் நீட்டிவிடுவார்கள். இதைக் கேட்காமலே சொல்கிற கொன்ராக்டர் கிடைத்தால் விலை சற்றுக் கூட என்றாலும் விடாதீர்கள். சட்டத்தைப் பிடிக்கும் இரும்புக் கொளுவிக்கு அதற்கென்ற தடித்த ஆணிதான் அடிக்க வேண்டும். டெக் பலகைக்கு அடிக்கும் திருகாணியை அதில் போட்டால் பாரத்தில் வெட்டுப்பட்டுவிடும்.

அடுத்தது பெர்மிட், அதாவது நகரசபை தரும் கட்டட அனுமதி. ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பும் டெக்குக்குப் பெர்மிட் வேண்டும். ஒவ்வொரு நகரசபைக்கும் தன் விதி உண்டு, அஜக்ஸில் நேரே கேளுங்கள். மாகாணக் கட்டட விதிப்படி 60 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் கைபிடி 90 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், டெக் 1.8 மீட்டரைத் தாண்டினால் கைபிடி 1.07 மீட்டர். கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டர்ப் பந்து புகக் கூடாது, குழந்தையின் தலையை நினைத்து வைத்த அளவு அது. "பெர்மிட் எல்லாம் தேவையில்லை அண்ணை, ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், பரிசோதகர் வந்து குழியைப் பார்ப்பது அவருக்கு விருப்பமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். உங்களுக்கு அந்தப் பரிசோதகர் காசில்லாத காவல்காரன்.

தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவைக்கு அறிவிப்பது சட்டக் கடமை. மண்ணுக்குள் குழாயும் வயரும் போகிற இடத்தைக் குறிக்க ஏற்பாடு செய்கிற சேவை அது. இலவசம், குறைந்தது ஐந்து வேலை நாளுக்கு முன்னரே சொல்ல வேண்டும். வந்து நிறம் அடித்துவிட்டுப் போவார்கள். மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசியும் இன்டர்நெட்டும், நீலம் தண்ணீர், பச்சை கழிவுநீர். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்குள் கையால்தான் தோண்டலாம். பழைய வீட்டுக்காரர் தன்பாட்டில் கொட்டிலுக்கு இழுத்த வயரை அவர்கள் குறிக்க மாட்டார்கள், அதை நீங்கள்தான் தேட வேண்டும்.

எல்லை. எங்கள் ஆட்களுக்கு இதைப் பற்றிப் படிப்பிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் வேலி அடைக்கிற சாட்டில் கதியாலை ஒரு விரற்கடை தள்ளி நட்டு, அது வழக்காகி, இரண்டு தலைமுறை முகம் பார்க்காமல் போன குடும்பங்களை எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் பழைய வேலி நிற்கிற கோடுதான் எல்லை என்று நம்ப வேண்டாம். வீடு வாங்கும்போது வக்கீல் தந்த கடதாசிக் கட்டுக்குள் நில அளவை வரைபடம் இருக்கிறதா பாருங்கள். காணி உறுதிக்குக் காப்புறுதி (title insurance) எடுத்து வாங்கியவர்களிடம் பல நேரம் வரைபடமே இருக்காது. இருந்தால், நில அளவையாளர் மூலையில் அடித்த இரும்புக் கம்பி மண்ணுக்கு ஒரு சாண் கீழே கிடக்கும், உலோகம் தேடும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தால் அகப்படும். பிறகு அயல்வீட்டுக்காரரிடம் போங்கள். கொன்ராக்டரைக் கூட்டிக்கொண்டு போகாமல் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். பாதிக் காசு அவரும் தருவதென்றால், மரம், உயரம், மொத்த விலை மூன்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையொப்பம் வையுங்கள். ஒத்துவராவிட்டால் எல்லை வேலிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, சில நகரசபைகள் அதற்குப் பதிலாகத் தங்கள் விதியை வைத்திருக்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால் வேலி முழுவதையும் உங்கள் காணிக்குள்ளேயே போட்டு முழுக் காசையும் நீங்களே கொடுங்கள். உயரத்தையும் கேட்டு வையுங்கள், ரொறன்ரோவில் பின்வளவுக்கு 2 மீட்டர்தான்.

இனி ஆள். எங்கள் சமூகத்தில் வேலை கொடுப்பது பெரும்பாலும் தெரிந்தவருக்குத் தெரிந்தவருக்கு. அதில் நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. சொந்தக்காரரின் மச்சானிடம் "குழியைக் காட்டுங்கோ" என்று கேட்க வாய் வராது. வேலை பிழைத்தாலும் கலியாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் இருக்க வேண்டும். அதனாலேயே தெரிந்தவர் என்றால் கடதாசி இன்னும் தடிப்பாக இருக்கட்டும்.

முடித்துக் கொடுத்த வேலையின் படங்களை எல்லோரும் ஃபோனில் வைத்திருப்பார்கள். புது வேலி எல்லாமே வடிவுதான். ஐந்து மாரி கண்ட வேலி ஒன்றின் விலாசம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போய், வேலியின் மேல்விளிம்பை ஒரு மூலையிலிருந்து கண்ணை வைத்துப் பாருங்கள், அலையடிக்கிறதா? ஒரு தூணைக் கையால் தள்ளிப் பாருங்கள். கேட் ஒரு விரலால் பூட்டுகிறதா? இவ்வளவும் பத்து நிமிடம்.

ஒப்பந்தத்தில் மரத்தின் தரம், தூணின் நீளம், குழியின் ஆழமும் அகலமும், தூணுக்கிடையில் எத்தனை அடி (8 அடிக்கு மேல் வேண்டாம்), ஆணியின் வகை, பழைய கொங்கிறீட்டைக் கிளறி எடுத்துக்கொண்டு போவது யார், பெர்மிட் யார் பெயரில், எல்லாம் எழுத்தில் வர வேண்டும். பழைய கொங்கிறீட் விஷயத்தில்தான் நடுவேலையில் "இது கணக்கில் இல்லை" என்ற பேச்சுக் கிளம்பும். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் வீட்டில் வைத்துக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். மதிப்பீட்டு விலை எழுதியிருந்தால், நீங்கள் புதிதாக வேலை சேர்த்தாலொழிய, அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டிக் கேட்க முடியாது. பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தை அவரிடமிருந்து வாங்காதீர்கள், காப்புறுதிக் கம்பனியிலிருந்து நேரே உங்கள் மின்னஞ்சலுக்கு வரச் சொல்லுங்கள். வேலையாட்கள் விபத்துக் காப்புறுதிக்கான சான்றையும் கேளுங்கள்.

"கைக்காசாகத் தந்தால் 13 வீத வரி இல்லை" என்பார்கள். வரியோடு ரசீதும் போகும், ரசீதோடு உத்தரவாதமும் போகும். முற்பணம் கொஞ்சமாக இருக்கட்டும். அடுத்த தவணை மரம் வளவுக்குள் இறங்கிய பிறகு. அதற்கடுத்தது குழி தோண்டி நீங்கள் பார்த்த பிறகு, கொங்கிறீட் ஊற்ற முதல். கடைசியில் 10 வீதத்தை 60 நாள் பிடித்து வையுங்கள். இது உங்கள் கஞ்சத்தனம் இல்லை, ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டமே சொல்வது. கொன்ராக்டர் மரக்கடைக்குக் காசு கட்டாமல் விட்டால் கடைக்காரர் உங்கள் வீட்டின் மேல் உரிமைக் கோரிக்கை பதியலாம் என்பதற்காக வைத்த ஏற்பாடு. இதைச் சொன்னதும் முகம் சுளிக்கிறவர் இருப்பார். தலையாட்டுகிறவர் இந்த வேலையை ஒழுங்காகச் செய்து பழகியவர்.

பூச்சை இந்த வருடமே பூச அவசரப்பட வேண்டாம். பிரஷர் ட்ரீட்டட் மரம் ஈரத்தோடுதான் வரும். பலகையை நெருக்கி அடிக்கச் சொல்லுங்கள், காயும்போது தானாக இடைவெளி விழும். சில மாதம் கழித்து ஒரு கரண்டி தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். உருண்டு நின்றால் பொறுங்கள், உள்ளே இழுத்தால் பூசலாம்.

அந்தப் பாதி விலைக்காரரை நான் இப்போதே தள்ளச் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் இன்று பின்னேரமே ஒரே கேள்வியை எழுதி அனுப்புங்கள்: தூண் எத்தனை அடி நீளம், குழி எத்தனை அடி ஆழம், ஒரு குழிக்கு எத்தனை மூட்டை. பதில் வந்த பிறகு மூன்று விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரிடம் கொடுத்தாலும், தோண்டிய அன்று குழிக்குள் அளவு நாடாவை விட்டு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.